ஆறு நாள் சகோதரர்கள்

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் மயிலாப்பூரில் பாதிப் பேர் சபாவுக்குப் போவார்கள். மீதிப் பாதிப் பேர் சபா கேன்டீனுக்குப் போவார்கள். எங்கள் சித்தப்பா மட்டும் தனி ரகம். ஒரு ஜோல்னாப் பை, ஒரு கொசுவலை, இரண்டு ஜிப்பா... மூட்டை கட்டிக்கொண்டு அடையாறுக்கு பஸ் ஏறிவிடுவார்.

மயிலாப்பூரிலிருந்து அடையாறு என்ன இமயமலையா? ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். ஆனாலும் ஆறு நாளும் அவருக்கு அங்கேதான் ஜாகை. தியசாபிகல் சொஸைட்டி என்கிற பிரம்மஞான சபையின் வருடாந்தர மாநாடு!

"எங்கேடா கிளம்பிட்டான் உன் சித்தப்பன்?" என்று பாட்டி கேட்பாள், தெரியாதவள் மாதிரி.

"உலக சகோதரத்துவ மாநாட்டுக்குப் பாட்டி."

"போகட்டும், போகட்டும். லோகத்துல இருக்கறவா எல்லாரும் சகோதரா. கூடப் பொறந்தவன் மட்டும் பங்காளி!"

பாட்டியின் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. நிஜமான செங்கல் சுவர்.

1975ல் தாத்தா காலமானார். அடுத்த வருஷமே அப்பாவும் சித்தப்பாவும் வீட்டைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கூடத்துக்கு நடுவே சுவர், முற்றத்துக்கு நடுவே சுவர். கொல்லைக்குப் போனால் அங்கே ஒரு சிக்கல். சரியாக நடுக்கோட்டில் கிணறு உட்கார்ந்திருந்தது. கொத்தனார் யோசித்தார். கிணற்றின் குறுக்கே ஒரு கல் உத்தரம் போட்டு, அதன்மேல் சுவரை ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். அந்தப் பக்கம் ஒரு ராட்டினம், இந்தப் பக்கம் ஒரு ராட்டினம். காலையில் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் இழுத்தால் உள்ளே வாளிகள் இரண்டும் 'டங்'கென்று முட்டிக்கொள்ளும். வருஷக்கணக்கில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடந்த ஒரே பேச்சுவார்த்தை அதுதான்.

பாட்டி இந்தப் பக்கம் ஒரு மாசம், அந்தப் பக்கம் ஒரு மாசம். எனக்கு மட்டும் பாஸ்போர்ட் இல்லாமலே எல்லை தாண்ட அனுமதி உண்டு. சித்தப்பாவுக்குக் குழந்தை இல்லை என்பதால் சித்தி எனக்கென்று எப்போதும் ஒரு டப்பாவில் தேங்குழல் வைத்திருப்பாள்.

சித்தப்பா ஏ.ஜி. ஆபீஸில் குமாஸ்தா. சபையில் சேர்ந்த நாளிலிருந்து யாருக்குக் கடிதம் எழுதினாலும் 'யுவர்ஸ் ஃப்ரட்டர்னலி' என்று முடிப்பார். தியசாபிஸ்டுகளின் வழக்கம் அது. 'தங்கள் சகோதரன்' என்று தமிழில் சொல்லலாம். பால் கார்டு விண்ணப்பத்தில்கூட அப்படித்தான் கையெழுத்து! ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்தது. அனுப்பியவர் விலாசம், அடுத்த கதவு. கிணற்றுச் சுவருக்குப் பூச்சு வேலை பார்த்த செலவில் அப்பாவின் பங்கு 43 ரூபாய், இன்னும் வந்து சேரவில்லை என்று ஒரு நினைவூட்டல். கீழே, 'யுவர்ஸ் ஃப்ரட்டர்னலி'.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. 43 ரூபாய்க்காக இல்லை, அந்த இரண்டு வார்த்தைக்காக.

*

1980 டிசம்பரில் சித்தப்பா என்னை மாநாட்டுக்கு அழைத்துப் போனார். எனக்கு 12 வயசு. பாட்டி மூலம் விண்ணப்பம் போய், பாட்டி மூலம் அனுமதி வந்தது. அரைப் பரீட்சை லீவில் நான் வீட்டில் இல்லாமல் இருப்பது அம்மாவுக்கும் சம்மதமாகத்தான் இருந்தது.

திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் கேட். உள்ளே காலை வைத்தால் மெட்ராஸ் காணாமல் போய்விடும். ஒரு பக்கம் ஆறு, எதிரே கடல், நடுவில் 250 ஏக்கருக்குக் குறையாத காடு. இரவில் நரி ஊளையிடும் என்று சித்தப்பா முதல் நாளே சொல்லிவைத்தார். நான் கொசுவலைக்குள் புகுந்துகொண்டு காதைப் பொத்திக்கொண்டதில், நரி ஊளையிட்டதா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. கொசு ஊளையிட்டதை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன்.

மாநாட்டுக்கு ஆரம்பமே ஒரு அதிசயம். தலைமையகத்துப் பெரிய கூடத்தில் சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் சிலையாக இருப்பார்கள். சுற்றிலும் சுவரில் கிருஷ்ணர், புத்தர், ஜொராஸ்டர், ஏசு என்று மத ஆசான்களின் புடைப்புச் சிற்பங்கள். இஸ்லாத்தில் உருவம் கூடாது என்பதால் அதற்கு மட்டும் குர்ஆன் வாசகம். மாநாடு தொடங்கும்போது ஒவ்வொரு மதத்துக்காரரும் மேடைக்கு வந்து தங்கள் பிரார்த்தனையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சமஸ்கிருதம் வரும், பாலி வரும், அரபி வரும். எந்தப் பிரார்த்தனைக்கும் கை தட்டக் கூடாது. எனக்கோ ஒவ்வொன்று முடிந்ததும் கை துறுதுறுவென்று வரும். சித்தப்பா என் இரண்டு கையையும் பிடித்து மடியில் வைத்துக்கொள்வார்.

அந்த வருஷம்தான் ராதா பர்னியர் உலகத் தலைவராகியிருந்தார். முன்பு ஒரு காலத்தில் 20 வருஷம் தலைவராக இருந்த என். ஸ்ரீராமின் மகள். ழான் ரெனுவார் கல்கத்தாவில் எடுத்த 'தி ரிவர்' படத்தில் நடித்தவர். "சினிமாவில் நடிச்சவாளா!" என்று நான் வாயைப் பிளந்ததைச் சித்தப்பா ரசிக்கவில்லை.

அவருக்கு அந்த வருஷம் வேறு ஒரு சந்தோஷம். பல வருஷங்களாக அந்த வளாகத்துக்குள்ளேயே வராத ஜே. கிருஷ்ணமூர்த்தி 1980 கடைசியில் ராதா பர்னியர் அழைத்து உள்ளே வந்து நடந்து போயிருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வசந்த விகாரில்தான் அவர் வருஷாவருஷம் பேசுவார். ஆனால் பாலத்தைத் தாண்டி இங்கே வந்ததில்லை. இதைச் சொல்லும்போது சித்தப்பாவின் குரல் தழுதழுக்கும்.

"ஏன் சித்தப்பா வரலை? இவாளோட சண்டையா?"

"சண்டைன்னு இல்லைடா..." என்று ஆரம்பித்து என்னை ஆலமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

அடையாறு ஆலமரம்! அதற்கு 450 வயது என்பார்கள். எது தாய்மரம், எது விழுது என்று கண்டுபிடிப்பதற்குள் கால் வலித்துவிடும். அதன் நிழலில் 1925 டிசம்பர் 28, பொன்விழா மாநாட்டுச் சமயம். இளைஞர் கிருஷ்ணமூர்த்தி பேசுகிறார். வரப்போகும் உலக ஆசானைப் பற்றி 'அவர் வருவார்', 'அவர் வருவார்' என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று ஒரு இடத்தில் 'அவர்' போய் 'நான்' என்று பேசுகிறார். கூட்டத்தில் பலருக்குச் சிலிர்த்துவிட்டது. அன்னி பெசன்ட் பூரித்துப் போனார். நாலு வருஷம் கழித்து, 1929 ஆகஸ்டில், ஹாலந்தில் ஓமன் என்கிற ஊரில், தனக்காகவே ஏற்பட்ட அந்த 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டார்' அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தியே கலைத்துவிட்டார். நான் குருவும் இல்லை, நீங்கள் சிஷ்யர்களும் இல்லை, போய் வாருங்கள்!

"வளர்த்த அம்மா எதிர்லயே சொன்னாராம்டா. அந்த அம்மாவும் கேட்டுண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஆனா ரெண்டு பேருக்கும் பாசம் விட்டுப் போகலை. அதான் பெரிய மனுஷத்தனம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப நீங்களும் அப்பாவும் மட்டும் ஏன் சித்தப்பா...?"

சித்தப்பா ஒரு விழுதை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். பிறகு, "வா, காபி குடிக்கலாம்" என்றார்.

*

இந்தச் சபையைப் பற்றி ஒரு வார்த்தை. 1875ல் நியூயார்க்கில் பிறந்தது. 1882 டிசம்பரில் அடையாற்றங்கரையில் ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் என்ற தோட்ட பங்களாவுக்கு ஜாகை மாறியது. அதன் முதல் நோக்கமே, இனம், மதம், ஆண் பெண், ஜாதி, நிறம் என்று எந்த வித்தியாசமும் பார்க்காத உலக சகோதரத்துவம். ஆவி, மகாத்மாக்களின் கடிதம், மறுபிறவி என்றெல்லாம் பேசுகிறார்களே என்று கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கும் அதெல்லாம் பிடிபட்டதில்லை. ஆனால் டிசம்பர் மாநாட்டுக்கு வந்தவர்கள் சும்மா போகவில்லை என்பதற்குச் சாட்சி நிறைய. 1884 மாநாடு முடிந்த கையோடு சில பிரமுகர்கள் மெட்ராஸில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடிப் பேசினார்கள், அடுத்த வருஷம் பிறந்த காங்கிரஸுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று அன்னி பெசன்ட் எழுதியிருக்கிறார். ஆல்காட் 1894ல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1939ல் மரியா மாண்டிசோரி அம்மையார் வந்து இறங்கி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் அடையாறில்தான்.

எங்கள் பாட்டிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் வேண்டாம். அவளிடம் சொந்தச் சரித்திரம் ஒன்று இருந்தது.

1935 டிசம்பர். சபையின் வைரவிழா மாநாடு. ருக்மிணி தேவி முதன்முதலாக மேடையேறிப் பரதநாட்டியம் ஆடப்போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டது. குலத்தொழிலாக ஆடி வந்தவர்களின் ஆட்டத்தை, ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண், அதுவும் வெள்ளைக்காரர் அருண்டேலைக் கட்டிக்கொண்டவர் ஆடுவதா என்று மயிலாப்பூர் திண்ணைகள் கொதித்தன. தாத்தாவும் திண்ணையில் உட்கார்ந்து அதையேதான் பேசினார். சாயங்காலம், வீட்டில் யாருக்கும் சொல்லாமல், பாட்டியைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடையாறுக்குப் போய்விட்டார்!

"எனக்கு இருபத்தேழு வயசு. கடைசில நின்னுண்டு பார்த்தேன். நன்னா தெரியலை. உங்க தாத்தா மரத்து வேர் மேல ஏறிக்கோன்னார். ஏறினேன்" என்பாள் பாட்டி. அந்த ஆட்டம் முடிந்த ஒரு வாரத்தில், 1936 ஜனவரி 6ம் தேதி, பிற்பாடு கலாக்ஷேத்ரா ஆன நிறுவனம் பிறந்தது. பாட்டி கணக்குப்படி அவள் வேரில் ஏறி நின்றதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

1982 டிசம்பரில், சபை அடையாறுக்கு வந்து நூறு வருஷம் ஆன சமயம், பாட்டி தன் பூர்வ ஜென்ம பாத்தியதையைக் கிளப்பினாள்.

"நான் அந்த மரத்தைக் கண்ணால பார்க்கணும். எழுபத்தி நாலு வயசாறது. இன்னிக்கோ நாளைக்கோ."

"அவன்தான் அங்கேயே இருக்கானே, அழைச்சுண்டு போகச் சொல்லு" என்றார் அப்பா.

"அவன் அங்க பரிமாறிண்டு இருப்பன். பஸ்ல என்னை யார் ஏத்தி இறக்கறது? மூத்த பிள்ளைன்னு எதுக்குப் பெத்தேன்?"

அப்பாவால் மறுக்க முடியவில்லை. இதில் சதி இருந்ததா என்று பிற்பாடு பாட்டியிடம் எத்தனையோ தடவை கேட்டேன். "எனக்கு என்னடா தெரியும்?" என்பாள். அவள் 'எனக்கு என்ன தெரியும்' என்று சொன்ன விஷயம் எல்லாமே அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

*

மாநாட்டின் நாலாவது நாள். நான் தொண்டன். சட்டையில் பேட்ஜ், கையில் தண்ணீர் ஜக்கு. போஜனசாலையில் பந்தி ஆரம்பித்துவிட்டது. போஜனசாலை என்பது மாநாட்டின் உண்மையான மேடை என்பது என் அபிப்பிராயம். பேச்சாளர்களின் சகோதரத்துவம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், சாம்பாரின் சகோதரத்துவம் சாயங்காலம் வரை நெஞ்சில் நிற்கும்.

வெளிநாட்டு டெலிகேட்டுகளில் தைரியசாலிகள் எங்களோடு இலையில் சாப்பிட வருவார்கள். குழம்பு வரைக்கும் சமாளித்துவிடுவார்கள். ரசம் வந்ததும் தெரியும் சேதி. சாதத்தில் பாத்தி கட்டத் தெரியாது. ரசம் இலையில் இறங்கி, மேஜையில் ஓடி, நேராக மடிக்கு வந்துவிடும். தண்ணீர் ஊற்றுவதோடு அணை கட்டச் சொல்லிக் கொடுப்பதும் தொண்டர் வேலை.

அப்போதுதான் வாசலில் அப்பா. பக்கத்தில் பாட்டி. மரத்தைப் பார்த்தாகிவிட்டது. வெயிலில் நடந்து இரண்டு பேருக்கும் முகம் சிவந்திருந்தது. பாட்டி வெளியில் எங்கேயும் சாப்பிட மாட்டாள். ஒரு வாழைப்பழம், அதோடு சரி. "நீ உட்காரு. பசியோட மலைச்சு நிக்காதே" என்று அப்பாவை உள்ளே தள்ளிவிட்டு, ஜன்னல் ஓரம் பெஞ்சில் பந்தி பார்க்க வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாவுக்கு நடுப் பந்தியில் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் பம்பாய்ப் பார்ஸி ஒருவர். இன்னொரு பக்கம் நரைத்த தலையோடு வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி. சாதம் வந்தது, குழம்பு வந்தது. நான் வயிற்றில் நெருப்போடு சமையல்கட்டுப் பக்கம் பார்க்கிறேன். ரச வாளியைத் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சித்தப்பா வருகிறார்.

வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தவர், பார்ஸிக்காரருக்கு ஊற்றிவிட்டு நிமிர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார். கரண்டி பாதி வழியில் நிற்கிறது. அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் அப்பளக்காரர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் மோர்க்காரர். டிராஃபிக் ஜாம்.

வெள்ளைக்காரப் பாட்டிக்கு எதுவும் தெரியாது. மாநாட்டில் எல்லோரும் எல்லோரையும் 'பிரதர்' என்பது பழக்கம். அப்பா புதுசு என்று கண்டு, சித்தப்பாவைக் காட்டி அன்பாகக் கேட்டாள்:

"இவர் உங்கள் பிரதரா?"

"யெஸ்" என்றார் அப்பா.

"இங்கே நாம் எல்லோருமே பிரதர்ஸ்தானே!" என்று அவள் சிரித்தாள்.

அப்பா தலையை ஆட்டினார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், ஆபீஸில் டிராஃப்ட் எழுதியே பெயர் வாங்கியவர். அன்றைக்கு ஏனோ வரவில்லை.

"நோ... நோ. திஸ் ஈஸ் ரியல் பிரதர். ஸேம் மதர்" என்று ஜன்னலைக் காட்டினார்.

பாட்டி அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரசம், அண்ணா?" என்றார் சித்தப்பா.

"கொஞ்சம்."

ஆறு வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் பேசிய முதல் வார்த்தை இதுதான். சித்தப்பா ஊற்றினார். அப்பா போதும் என்று கை காட்டவில்லை. சித்தப்பாவும் நிறுத்தவில்லை. பாத்தி கட்டுவதில் நிபுணரான எங்கள் அப்பாவின் மடியிலேயே அன்றைக்கு ரசம் இறங்கியது.

*

அதற்கப்புறம் சுவரை இடித்தார்களாக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. அன்று சாயங்காலம் ஒரே டாக்ஸியில் அப்பாவையும் பாட்டியையும் சித்தப்பா ஏற்றி அனுப்பினார். மாநாடு முடியும் வரை அப்பா தினமும் ஆபீஸ் விட்டு அடையாறு போனார். இரண்டு பேரும் ஆலமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். தாத்தாவைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றி, வெண்டைக்காய் விலையைப் பற்றி. ஜனவரி பிறந்ததும் வீட்டில் பழையபடி மௌனம்! வாளிகள் மட்டும் 'டங்'.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு புரிந்தது. வீட்டில் பேச ஆரம்பித்தால் பத்திரம், பாகம், 43 ரூபாய் எல்லாம் பேச வேண்டிவரும். அடையாறில் அது எதுவும் இல்லை. மாநாடு அங்கே நடந்த வருஷமெல்லாம் அப்பா போனார். மெம்பர் ஆகவில்லை. "எனக்கு இந்த மகாத்மா விவகாரமெல்லாம் நம்பிக்கை இல்லை" என்பார். ரசத்தில் நம்பிக்கை இருந்தது.

பாட்டி 1987ல் போனாள். அப்போதுகூட இரண்டு பேரும் காரியத்துக்கு வேண்டியதைத்தான் பேசிக்கொண்டார்கள்.

1989ல் ஒரு நாள், அடித்த பேய்க்காற்றில் அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் வேரோடு சாய்ந்தது. காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கொல்லைக்கு வந்தார். கிணற்றங்கரைத் துவைக்கிற கல்லின் மேல் ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டி, 13 வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"டேய்... மரம் விழுந்துடுத்தாம்டா."

அந்தப் பக்கம் ராட்டினம் நின்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இருங்கோண்ணா, சட்டையை மாட்டிண்டு வரேன்" என்று குரல் வந்தது.

ஒரே ஆட்டோவில் போனார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அப்பாவின் சட்டைப் பையில் ஒரு ஆலிலை இருந்தது. விழுதுகள் அப்படியே நிற்கின்றன, மரம் பிழைத்துக்கொள்ளும் என்று அம்மாவிடம் சொன்னார். அவர் சொன்னபடி, தாய்மரம் போனாலும் விழுதுகள் ஊன்றி வளர்ந்த மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன.

பிறகு அந்த வீட்டைச் சேர்ந்தே விற்றார்கள். ஃப்ளாட் கட்டியவர் கிணற்றை மூடிவிட்டார். எனக்கு நாக்பூருக்கு மாற்றலாகி, அப்பா எங்களோடு வந்துவிட்டார். மாநாட்டுக்குப் போக முடியவில்லை என்று டிசம்பர் முழுக்க முணுமுணுப்பார்.

1997 ஜனவரியில் சித்தப்பாவிடமிருந்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. யார் யார் பேசினார்கள், மரம் எப்படி இருக்கிறது, ரசத்தில் இந்தத் தடவை புளிப்பு அதிகம்... எல்லாம் விவரமாக. கடைசியில் வழக்கம் போல 'யுவர்ஸ் ஃப்ரட்டர்னலி'. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அந்த 43 ரூபாய் பத்தி ஒண்ணும் எழுதலையே இவன்?"

"விடுங்கோப்பா. அவருக்கு ஞாபகம் இருக்கப்போறதா?"

"அவனுக்கா? போஸ்ட் ஆபீஸ் போய் மணியார்டர் ஃபாரம் வாங்கிண்டு வா."

வாங்கி வந்தேன். தானே பூர்த்தி செய்தார். எண்ணால் 43, எழுத்தால் நாற்பத்து மூன்று மட்டும்.

பத்து நாள் கழித்து ரசீது திரும்பி வந்தது. சித்தப்பாவின் கையெழுத்து. அதற்கு மேலே, பொடி எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை:

'வட்டி?'